ஓணத்துக்கு முற்றத்தில் தோண்டிய குழி

எனக்கு எழுபத்தெட்டு வயது. வளர்த்தது ஆறு பேரை. நாலு நான் பெற்றது, இரண்டு என் தங்கை விட்டுவிட்டுப் போனது. ஆறு பேரில் ஒருவரையும் பசியோடு அடுத்த வீட்டு முற்றத்தில் நிற்க விட்டதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் சொல்லப்போவதற்கு இது வேண்டும்.

எழுத்தைப் பொறுத்தவரை, என் பெயர் எழுத வரும், பஸ்ஸின் போர்டு வாசிக்க வரும். அதற்கு மேல் இல்லை. நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள். களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் தமிழ்ப் பள்ளியில் படித்தவள். நான் பேசுகிறபடி எழுதாமல் புத்தகத்தில் இருக்கிறபடி எழுதுகிறாள். எழுதட்டும். விஷயம் மாறாமல் இருந்தால் போதும்.

நம் சமையல் கூட்டின் பெண்களே, போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் நாலைந்து பேர் வந்து ஒரு காரியம் கேட்டீர்கள். பூவாறு பக்கத்தில் புதிதாக வந்திருக்கும் தங்கும் விடுதியில் ஓணத்துக்குச் சமைக்க ஓர்டர் வந்திருக்கிறது. சமைத்தால் மட்டும் போதாது, பழைய காலத்து ஓணம் என்று ஒன்று நடத்தப் போகிறார்கள், அதில் நீங்கள் செட்டு முண்டு உடுத்து வாழைக்குலை சுமந்து வந்து, முற்றத்தில் நின்று துணி வாங்க வேண்டும் என்றும் கேட்டிருக்கிறார்கள். செய்யலாமா என்று கேட்டீர்கள். நான் அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு உடனே பதில் வராது. உலையில் அரிசியைப் போட்டுவிட்டு உடனே பதம் பார்க்க முடியுமா?

இப்போது சொல்கிறேன். ஆனால் செய் என்றோ செய்யாதே என்றோ சொல்லப் போவதில்லை. எனக்கும் இப்படி ஒரு நாள் வந்தது. அதைச் சொல்கிறேன்.

ஓணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் எல்லோரும் மாவேலியைச் சொல்வார்கள். அவன் ஆண்ட காலத்தில் கள்ளம் இல்லை, பசி இல்லை, எல்லோரும் ஒன்று. குள்ளனாக வந்த வாமனன் மூன்றடி மண் கேட்டு, மூன்றாவது அடியை அவன் தலையில் வைத்துப் பாதாளத்தில் தாழ்த்தினான். வருடத்துக்கு ஒரு தடவை தன் ஆட்களைப் பார்க்க அவன் மேலே வருகிறான், அந்த நாள் ஓணம். நானும் என் ஆறு பேருக்கும் இதைத்தான் சொல்லிக் கொடுத்தேன். சொல்ல நன்றாக இருக்கும்.

நான் கண்ட ஓணம் கர்க்கடக மாதத்திலிருந்து, என் பேத்தியின் கணக்கில் ஆடியிலிருந்து, தொடங்கும். மழை விடாது, வேலை இருக்காது. மரச்சீனிக் கிழங்கு தீர்ந்திருக்கும். சேம்பின் தாளையும் தகரைக் கீரையையும் பறித்து உப்புப் போட்டு வேகவைத்துத் தின்போம். பிறகு சிங்க மாதம் பிறக்கும், வெயில் தெளியும், வயலில் நெல் முற்றும். அறுப்புக்குப் போனால் கூலி நெல் கிடைக்கும். அந்த நெல்லைக் குத்தி வடித்த முதல் சோறுதான் எங்களுக்கு ஓணம். மாவேலி வந்தாரா இல்லையா என்று எட்டிப் பார்க்க அன்றைக்கு ஒருவருக்கும் நேரம் இருந்ததில்லை.

காஞ்சிரங்குளம் பக்கத்து வயல்களில் அறுத்துக்கொண்டிருந்த நான் அடுப்புக்கு வந்தது வயல்கள் போன பிறகு. வயலில் வாழை வந்தது, பிறகு வீடு வந்தது. இன்றைக்கு ஓணத்துக்கு அரிசி ஆந்திராவிலிருந்து லாரியில் வருகிறது, பூ தோவாளையிலிருந்து வருகிறது, காய்கறி மாநில அதிர்த்தி தாண்டி வருகிறது. அறுப்பு இல்லாத ஊரில் அறுப்புத் திருநாள். அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. அந்தச் சாப்பாட்டை ஆக்கித்தான் ஆறு பேரை ஆளாக்கினேன்.

எனக்கு அடுப்புப் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தவளை நாங்கள் அக்கச்சி என்றே கூப்பிடுவோம். பெயரைச் சொல்லமாட்டேன், அவளுக்கு அது பிடிக்காது. என்னைவிட நன்றாக மூத்தவள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போவாள், திங்கட்கிழமை கோயில் அன்னதானத்துக்கு ஆக்குவாள். ஆக்கியவள் கடைசியில்தான் சாப்பிடவேண்டும் என்பதும், சோறு விழுந்த இலையிலிருந்து ஆளை எழுப்பக்கூடாது என்பதும் அவள் போட்ட சட்டம். இரண்டாவது, நம் நாட்டில் எல்லோருக்கும் உள்ளதுதான். முதலாவது அவளுடைய பெருமை.

நான் வேலையை விடுவதற்குச் சில வருடம் முந்தி, திருப்புறத்துக்குப் போகிற வழியில் உள்ள ஒரு பழைய பெரிய வீட்டில் ஓண விருந்துக்கு எங்களைக் கூப்பிட்டார்கள். வீட்டுக்காரர்கள் வெளிநாட்டில். வயதான அப்பா மட்டும் இங்கே இருந்தார். மகள் அந்த வருடம் ஓணத்துக்கு வந்திருந்தாள். ஊர்க்காரர்கள் ஒரு கமிட்டி சேர்ந்து, பழைய ஓணத்தை அந்த வீட்டு முற்றத்தில் நடத்திக் காட்டுவதென்று தீர்மானித்திருந்தார்கள். கமிட்டிக்குப் பெரியவர் ஒரு ரிட்டயர் ஆன சார். நல்ல மனுஷர். நம் கூட்டுக்கு ஓண வாரத்தில் கிடைக்கும் ஓர்டர் பாதியும் அவர் சொல்லித்தான் வந்துகொண்டிருந்தது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

முந்தின நாள் நாங்கள் காய்கறி நறுக்கிக்கொண்டிருந்தபோது சார் வந்து ஒரு ஓலைக் கடவத்தைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். ஓணத்துக்கு ஒரு கதை அல்ல, பல கதை என்றார். பண்டு மதுரையிலும் ஓணம் கொண்டாடியிருக்கிறார்களாம், அதைத் தமிழ்ப் பாட்டில் பாடியும் வைத்திருக்கிறார்களாம். திருவோணம் திருமாலுடைய நட்சத்திரம், சில கோயில்களில் அது வாமனனுக்குரிய நாள்தான் என்றார். பிறகு நிலம் உள்ளவர்கள் வந்தார்கள். அவர்களுக்கு ஓணம் காழ்ச்சை, அதாவது காணிக்கை, வாங்குகிற நாள். நிலத்தில் பாடுபடுகிறவன் தன் ஏத்தன் வாழைத் தோட்டத்தில் உள்ளதிலேயே நல்ல குலையைக் கொண்டுவந்து வைக்கவேண்டும், அதைக் காழ்ச்சக்குலை என்பார்கள். பதிலுக்கு ஒரு புடவை கொடுப்பார்கள். கேரளம் என்று ஒரு மாநிலம் வந்த பிறகுதான் சர்க்கார் ஓணத்தை எல்லோருக்கும் பொதுவாக எடுத்து நடத்தியது. இப்படிச் சொல்லிக்கொண்டே போனார்.

நம் ஷைனி அந்த வருடம்தான் கூட்டின் செக்ரட்டரி ஆகியிருந்தாள். அவள் கத்தியை நிறுத்திவிட்டுக் கேட்டாள். "அப்போ மாவேலி பொய்யா சார்?"

"பொய்யுண்ணு நான் சொல்லல்ல மக்கா. அப்படி ஒரு ஆளு இருந்தாரா இல்லியாண்ணு எனக்குத் தெரியாது. ஆனா எல்லாரும் ஒண்ணா இருக்கணும்ணு ஆரோ ஆசைப்பட்டிருக்காவ. அந்த ஆசை நெசமாக்கும்."

அக்கச்சி தடியங்காயின் தோலைச் சீவிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே, "எல்லாரும் ஒண்ணாத்தான் இருந்தாவண்ணா, அவரெ சவுட்டித் தாத்தினது ஆரு சார்?" என்றாள்.

எல்லோரும் சிரித்தோம். அதிகம் சிரித்தது சார்தான். சிரித்துவிட்டு, அதற்காகத்தான் அக்கச்சி, நாளைக்கு நான் குழியையும் வைத்திருக்கிறேன் என்றார்.

சிரிப்பு நின்றுவிட்டது. எங்களில் வயதானவர்களுக்கு அது என்னவென்று தெரியும். குலை கொண்டு வந்தவர்களை வீட்டுக்குள் ஏற்றமாட்டார்கள், பாத்திரமும் தரமாட்டார்கள். முற்றத்தில் மண்ணைக் குழித்து, அதில் இலையைத் தாழ்த்தி, கஞ்சியை அதில் ஊற்றுவார்கள். பிலாவிலையைக் கரண்டிபோல் கோட்டிக் கோரிக் குடிக்கவேண்டும். வீட்டு மகளுக்குக் குலையும் புடவையும் மட்டும் போதும் என்று இருந்ததாம். வீடியோவில் அது பார்க்க அழகாக இருக்கும். சார்தான் சம்மதிக்கவில்லை. அழகான பாதியை மட்டும் காட்டினால் அது மாவேலிக் கதையைவிடப் பெரிய பொய் ஆகிவிடும், குழியையும் காட்டுவதானால் நான் நடத்துகிறேன், இல்லையென்றால் வேறு ஆளைப் பாருங்கள் என்று சண்டை போட்டு வாங்கியிருக்கிறார். சார் சொன்னதில் எனக்கு அன்றைக்கும் குற்றம் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியவில்லை.

மறுநாள் காலை அக்கச்சி அடைப்பிரதமன் பாயசம் கிண்டிக்கொண்டிருந்தாள். உருளியில் சர்க்கரைப் பாகில் அடை வெந்துகொண்டிருக்கிற நேரம். அந்த நேரத்தில் சட்டுவம் நிற்கக்கூடாது என்பது உங்களுக்குத் தெரியும். நான் அவியலுக்குத் தேங்காய் எடுக்கத் திரும்பினேன். ஒரு மணம் வந்தது. சர்க்கரை அடிப்பிடிக்கப் போகிறதற்கு முந்தின மணம். அவள் அடுப்பில் அந்த மணத்தை நான் அதுவரை பிடித்ததில்லை.

ஓடிப்போய்ப் பார்த்தேன். சட்டுவம் அவள் கையில் இருக்கிறது, கை அசையவில்லை. சமையல் பந்தலின் ஓலை மறைவுக்கு அப்பால் முற்றத்தில் இரண்டு பையன்கள் மண்வெட்டியோடு நின்றார்கள். குழி வெட்டியாயிற்று. ஒருவன் முட்டுக்குத்தி உட்கார்ந்து, ஒரு வாட்டின வாழையிலையை அதில் தாழ்த்தி, கிழியாமல் ஓரத்தை விரலால் அமுக்கிக்கொண்டிருந்தான். பதமாகச் செய்தான். யாரோ நன்றாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

நான் சட்டுவத்தை வாங்கிக் கிண்டினேன். அவள் கையிலிருந்து சட்டுவத்தை ஒருவர் வாங்குவது அது முதல் தடவை. அவள் தடுக்கவில்லை.

அதற்குள் சார் வேகமாக வந்தார். நெய்யாற்றின்கரையிலிருந்து வரவேண்டிய நாடகப் பெண்கள் வரவில்லை. வண்டி கிடைக்கவில்லையாம். கமிட்டி கூப்பிட்டிருந்த முக்கிய விருந்தாளி வருகிற நேரம் ஆகிவிட்டது. குலை சுமந்து வரவும் குழியின் முன்னால் மண்ணில் இருக்கவும் நாலு பேர் வேண்டும். சார் அக்கச்சியின் முன்னால் வந்து நின்றார். அவளைவிட அந்த இடத்துக்கு உரியவள் யாரும் இல்லை, அவள் அதைக் கண்ணால் கண்டவள், அவள் இருந்தால் அது நாடகமாக இருக்காது, உண்மையாக இருக்கும் என்றார். மற்ற மூன்று பேரை ஷைனி தேர்ந்தெடுக்கட்டும், ஆளுக்கு ஒரு செட்டு முண்டு உண்டு.

இளம் பெண்களுக்குச் சந்தோஷம். யார் யார் என்று அங்கேயே தள்ளுமுள்ளு ஆயிற்று. அக்கச்சி அடுப்பில் வேலை இருக்கிறது என்றாள். வேலை முடிந்த பிறகு போதும் என்றார் சார். அவள் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. மிண்டாமல் இருப்பதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது நம் நாட்டில் பழைய பழக்கம். சாரும் அப்படித்தான் எடுத்துக்கொண்டு போனார்.

நான் சட்டுவத்தை வேறொருத்தியிடம் கொடுத்துவிட்டு அவர் பின்னால் போனேன். கிணற்றடியில் நிறுத்தினேன்.

"சார், குழியெக் காட்டுங்கோ. அது வேணும். அவளெ எதுக்கு அதுக்க முன்னால இருத்துகிய?"

"ஆளில்லாத குழி வெறும் குழியாக்கும். வாழை வைக்க வெட்டினதுண்ணு பிள்ளைய நெனைக்கும். அவிய மனசுல ஏறாண்டாமா?"

அவர் சொல்வது சரி என்றே பட்டது. அதனால் நான் சொல்வது தப்பு என்றும் தோன்றவில்லை. நான் அவளை அவமானப்படுத்துவேனா என்று சார் கேட்டார். அவர் முகத்தைப் பார்த்தால், அவர் சத்தியமாகத்தான் கேட்டார்.

திரும்பி வந்தால் ஷைனி வழி மறித்தாள். மாமி, நீங்கள் போய்த் தர்க்கம் பண்ணாதீர்கள், நாளைக்கு வாசகசாலையில் விருந்து, மறுநாள் பாங்கில் விருந்து, எல்லாம் சார் சொல்லி வந்தது, கெடுத்துப்போடாதீர்கள் என்றாள். அக்கச்சியே ஒன்றும் சொல்லாதபோது உங்களுக்கு என்ன என்றும் கேட்டாள். அவளைக் குறை சொல்லமாட்டேன். கூட்டை நடத்துகிறவளுக்கு அந்தக் கவலை வேண்டும்.

அக்கச்சி பப்படம் காய்ச்ச எண்ணெயின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து பப்படத்தை எடுத்துக் கொடுத்தேன். அவள் எண்ணெயைப் பார்த்துக்கொண்டே பேசினாள். இத்தனை வருடம் ஒரே அடுப்பில் நின்றும் எனக்கு அவள் அதைச் சொன்னதில்லை.

"எங்க அம்மை இந்த முற்றத்திலதான் குலையெக் கொண்டு வச்சிட்டு மாறி நிப்பா. வாங்குகவியளுக்க மொகத்தெ நான் கண்டதில்ல. நிமிந்து பாக்கப்பிடாதுல்லா. காலெத்தான் கண்டிருக்கேன். குழியில கஞ்சி ஊத்தினா, எல சின்னதா கீறினாலும் போதும், மண்ணு குடிச்சிரும். அதுனால வேகம் வேகமா குடிப்போம். மண்ணுக்கும் எங்களுக்கும் மத்சரம், ஆரு முதல்ல குடிச்சுத் தீக்குவாண்ணு."

"அப்போ போகமாட்டேண்ணு சொல்லு."

"எப்பிடிச் சொல்ல? கெட்டவன்னா ரெண்டு வார்த்தை சொல்லலாம். நல்லவனிட்ட என்னத்தச் சொல்லுக?"

பப்படம் பொங்கியது. அவள் எடுத்து வடிய வைத்தாள். "அஞ்சு நிமிசமாக்கும். இருந்துட்டு வாறேன்" என்றாள்.

அவள் போய் இருப்பாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. எழுபது வயது தாண்டிய பிறகு, ஊரில் பாதிப்பேருக்குக் கல்யாணச் சோறு ஆக்கிப் போட்ட கையோடு, அந்தப் பெரிய வீட்டின் முற்றத்தில் மறுபடியும் மண்ணில் உட்காரப் போகிறாள். ஐந்து நிமிஷம் என்பது பார்க்கிறவர்களுக்கு. அவளுக்கு எத்தனை என்று யார் அளப்பது?

உச்சி ஆயிற்று. விருந்தாளி வரவில்லை. பாலராமபுரத்தில் வண்டி நெரிசல், இதோ வருகிறார், அதோ வருகிறார் என்று செய்தி மட்டும் வந்தது. குலை, புடவை, குழி எல்லாம் முடிந்த பிறகு முதல் பந்தி என்பது ஏற்பாடு. சோறு கூடையில் துணிக்குக் கீழே வேர்க்கத் தொடங்கியது. தேங்காய்ப்பால் சேர்ந்த பிரதமன் எத்தனை நேரம் தாங்கும் என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் பந்தலின் கயிற்றில் தொங்கிக்கொண்டு எங்களைப் பார்த்தன. அக்கச்சி கைகால் கழுவிக்கொண்டிருந்தாள். ஷைனி செட்டு முண்டைக் கொண்டுபோய் அவள் தோளில் போட்டாள்.

அப்போது வீட்டு மகள் அடுக்களைப் பக்கம் வந்தாள். அப்பாவுக்கு ஊசி போட்டாயிற்று, பன்னிரண்டரைக்குச் சாப்பாடு என்று சொன்னார்களே, இன்னும் எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டாள். அவருக்குச் சர்க்கரை வியாதி. இன்சுலின் போட்டால் நேரத்துக்குச் சோறு வேண்டும், இல்லையென்றால் ஆள் மயங்கிவிடும். என் வீட்டிலும் அந்த வியாதி உண்டு, எனக்குத் தெரியும்.

பெண்களே, இடுக்கில் மாட்டிக்கொண்டு நிற்கும்போது பெரிய யோசனை ஒன்றும் வராது. கையில் இருக்கிற வேலைதான் வரும். எனக்குத் தெரிந்த வேலை பந்தி விடுவது. யார் எப்போது எங்கே இருக்கவேண்டும் என்பது பந்திக்காரியின் பொறுப்பு, கமிட்டியின் பொறுப்பு அல்ல. அது எனக்கு அந்த நிமிஷத்தில் நினைவு வந்தது.

"எல போடுங்க பிள்ளே" என்றேன்.

ஷைனி பதறினாள். சார் சொல்லவில்லையே என்றாள்.

"சார் முற்றத்துக்கு. பந்தி எனக்காக்கும்."

இலை விழுந்தது. நுனி இடது பக்கம் வர, வரிசையாக. முதலில் விளக்கின் முன்னால் ஒரு இலை, ஆள் இருக்காத இலை, கணபதிக்கு என்று சிலரும் மாவேலிக்கு என்று சிலரும் சொல்லும் இலை. உப்பு, உப்பேரி, சர்க்கரைவரட்டி, இஞ்சி என்று பெண்கள் இலைதோறும் விளம்பிக்கொண்டு போனார்கள். சத்தம் கேட்டு ஜனம் பந்தலை நோக்கித் திரும்பியது. அக்கச்சி தோளில் முண்டோடு முற்றத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தாள். நான் குறுக்கே போய் நின்றேன்.

"அக்கச்சி, இஞ்ச வந்து இரி" என்று விளக்குக்கு அடுத்த இலையைக் காட்டினேன்.

"வெவரம் கெட்டவளா நீ? அடுப்புக்காரி முதல் பந்தியில இருக்கப்பிடாது."

"இண்ணைக்கு இரி."

அவள் என்னைப் பார்த்தாள். கோபமாகத்தான் பார்த்தாள். அவள் போட்ட சட்டத்தை அவள் முன்னாலேயே முறிக்கச் சொல்கிறேன். அத்தனை வருடத்தில் நான் அவளிடம் ஒன்று செய் என்று சொன்னதில்லை. அவள் சொல்வாள், நான் செய்வேன். அவள் முற்றத்தைப் பார்த்தாள், குழியைப் பார்த்தாள், பிறகு இலையைப் பார்த்தாள். இருப்பாள் என்று எனக்கு நிச்சயம் இல்லை.

தோளில் கிடந்த முண்டை எடுத்து மடித்து என் கையில் தந்தாள். இருந்தாள்.

நான் வேறு யாரையும் விளம்ப விடவில்லை. சோற்றுக் கூடையை நானே எடுத்து அவள் இலையில் சோறு இட்டேன். இரண்டு பருக்கை வெளியே விழுந்தது.

சார் ஓடி வந்தார். முகம் சிவந்திருந்தது. யாரைக் கேட்டு இலை போட்டீர்கள், விருந்தாளி உதியன்குளங்கரை தாண்டிவிட்டார், அக்கச்சி எங்கே என்று கேட்டுக்கொண்டே வந்தவர், அவள் இருக்கிற இடத்தைக் கண்டார், அவள் இலையில் சோற்றைக் கண்டார். நின்றுவிட்டார். அவரும் இந்த நாட்டுக்காரர்தான். சோறு விழுந்த இலையிலிருந்து ஆளை எழுப்ப அவருக்கும் வாய் வரவில்லை.

"இது சரியில்ல" என்றார் என்னைப் பார்த்து. குரல் தாழ்ந்திருந்தது.

நான் பதில் சொல்வதற்குள் வீட்டுப் பெரியவர் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு பந்தலுக்குள் வந்தார். அவருக்கென்று வைத்திருந்த இடத்தில் அக்கச்சி இருந்தாள். மகள் தயங்கினாள். அந்தப் பெரியவருடைய அப்பாவின் காலைத்தான் அக்கச்சி சின்ன வயதில் கண்டிருக்கிறாள். அவர் என்ன செய்யப் போகிறார் என்று எனக்கும் தெரியவில்லை.

அவர் அடுத்த இலையில் இருந்தார். "ஊசி போட்டாச்சு. சோறு கொண்டா" என்றார்.

பெரிய மனசு என்று நான் அதைச் சொல்லமாட்டேன். அவருக்குப் பசி. பக்கத்தில் இருப்பது யார் என்று அவர் பார்த்தாரா என்பதுகூட எனக்குத் தெரியாது. ஆனால் அவர் இருந்த பிறகு ஜனம் எல்லாம் இருந்தது. அடுத்தடுத்து இலையில் சோறு விழுந்தது. பருப்பும் நெய்யும் போயிற்று. விருந்தாளி வந்து சேர்ந்தபோது பந்தி சாம்பாரில் இருந்தது. அவரும் கைகழுவிவிட்டு ஒரு மூலையில் இருந்தார்.

அக்கச்சி எல்லோரையும்போல, அவசரம் இல்லாமல் சாப்பிட்டாள். பிரதமன் விளம்பியபோது கையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்து, "கொஞ்சம் அடிப்பிடிச்சிருக்கு" என்றாள். பிறகு இலையை மடக்கி எழுந்து, நேராக சாரிடம் போனாள். சார் முற்றத்து ஓரத்தில் தனியாக நின்றுகொண்டிருந்தார். நான் வாளியோடு அவள் பின்னால் போனேன்.

"சார், குழியெ மூடாண்டாம்" என்றாள். "பிள்ளையளெக் கூப்பிடுங்கோ. நான் நிண்ணு சொல்லித் தாறேன். இருந்து காட்டமாட்டேன்."

ஆள் இல்லாத குழி வெறும் குழி என்று சொன்னவர் சார். ஆனாலும் மைக்கை எடுத்துப் பிள்ளைகளைக் கூப்பிட்டார்.

அவள் மைக் வாங்கவில்லை. குழியின் பக்கத்தில் நின்று சொன்னாள். எண்ணெய் அடுப்பின் முன்னால் என்னிடம் சொன்னதைத்தான் சொன்னாள், இன்னும் கொஞ்சம் கூட்டி. மாவேலிக் கதையை அந்த முற்றத்தில் கஞ்சி குடித்தவர்கள்தான் தங்கள் பிள்ளைகளுக்கு ஆசையோடு சொன்னார்கள் என்றாள். எல்லோரும் ஒன்று என்று ஒருவன் ஆண்டான் என்று கேட்டுக்கொண்டே தூங்கினால், விடியும்வரை வயிறு தாங்குமாம். ஒரு பிள்ளை குழிக்குள் எட்டிப் பார்த்து, இதிலேயா குடிச்சிய என்று கேட்டது. ஆமா மக்கா, இதிலதான் என்றாள். அந்தப் பிள்ளை குழியைப் பார்த்துக்கொண்டே நின்றது.

காழ்ச்சைக்கென்று கொண்டுவந்த ஏத்தன் குலை பந்தல் காலில் சாய்ந்து கிடந்தது. நல்ல பழுத்த குலை. இதை யாருக்குக் கொடுப்பது என்று வீட்டு மகள் கேட்டாள். அக்கச்சி போய்க் கத்தி எடுத்து வந்து, சீப்பு சீப்பாக அறுத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்தாள். எல்லாவற்றுக்கும் மேலே உள்ள, பெரிய பழங்கள் கொண்ட முதல் சீப்பை மட்டும் கொடுக்கவில்லை. மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"முதல் சீப்புப் பழம் நான் தின்னதில்ல" என்றாள் என்னிடம். வண்டியில் திரும்பி வரும்போது, வயிறு நிறைய விருந்துண்டவள், அதில் ஒரு பழத்தை உரித்து முழுவதும் தின்றாள். எனக்கு ஒன்று தந்தாள். மற்றது அவள் வீட்டுக்கு.

இதனால் எல்லாம் நன்மையாயிற்று என்று நான் சொல்லவில்லை. அந்த வீட்டுக்காரர்கள் பிறகு எங்களைக் கூப்பிடவில்லை. பாங்கின் விருந்து வேறு ஆளுக்குப் போயிற்று. ஷைனி என்னோடு அந்த ஓணம் முடியும்வரை முகம் கொடுத்துப் பேசவில்லை. சார் மட்டும் அடுத்த வருடம் வாசகசாலை முற்றத்தில் மறுபடியும் குழி வெட்டினார். ஆளை இருத்தவில்லை. அக்கச்சியை வண்டி வைத்துக் கூட்டிக்கொண்டுபோய், பக்கத்தில் நாற்காலி போட்டு, சொல்ல வைத்தார். அவள் சாகும்வரை ஓணம்தோறும் போனாள். நாற்காலியில் இருந்துதான் சொன்னாள்.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். விடுதிக்காரர்கள் கெட்டவர்களாக இருக்கவேண்டும் என்று இல்லை. செட்டு முண்டு உடுத்தால் உங்களுக்கு நன்றாகத்தான் இருக்கும். குலை சுமப்பதும் பாவம் அல்ல, நாம் சுமக்காத குலையா. சுமந்து கொண்டுபோய் எங்கே நிற்கச் சொல்கிறார்கள், வாங்குகிறவன் எங்கே நிற்கிறான், அதை முதலில் போய்ப் பாருங்கள். பார்த்துவிட்டு உங்களில் ஒருத்தி மிண்டாமல் இருந்தால், அவளிடம் கேளுங்கள். அவளால் சொல்ல முடியாவிட்டால், அவள் சொல்லட்டும் என்று காத்திருக்கவேண்டாம். இலை போடுவது உங்கள் கையில் இருக்கிற வேலை. ஓர்டர் போனால் இன்னொரு ஓர்டர் வரும். இல்லை, வராமலும் போகும். அதையும் நினைத்தே போடுங்கள்.

இவ்வளவுதான். மக்கா, எழுதினது போதும், கை வலிக்கும். இனி முதலில் இருந்து வாசி, நான் கேட்கிறேன். வேகமாக வாசிக்காதே. அக்கச்சி இலையில் இருந்தாள் என்று நான் சொன்னேனே, அங்கே வரும்போது நிறுத்து. அவள் இருந்தாள் என்றுதான் எழுதியிருக்கிறாயா, நான் இருத்தினேன் என்று எழுதியிருக்கிறாயா, அது எனக்குக் கேட்கவேண்டும்.